சத்தம் கேட்டால் கான்சல், அமைதியெண்டால் புக்கிங்

"அங்க ஏதோ பிரச்சினையாம். ட்ரிப்பைக் கான்சல் பண்ணுவமா?"

வெளிநாட்டுப் பயணத்துக்குத் திட்டம் போடுகிற எந்த வட்ஸ்அப் குறூப்பிலும் ஒருநாள் இந்தக் கேள்வி வந்து விழும். கேட்கிறது பிழையில்லை. உயிர் எல்லாருக்கும் பெரிசு, காசும் சும்மா வாறதில்லை. ஆனால் இந்தக் கேள்வியை நாங்கள் எப்ப கேட்கிறோம், எப்ப கேட்காமல் விடுகிறோம் என்று ஒருக்கால் யோசித்துப் பாருங்கள். ஒரு நாட்டில் சனம் தெருவுக்கு இறங்கினால் கேட்கிறோம். தெருவுக்கு இறங்கவே ஏலாதபடி சனத்தைக் கட்டி வைத்திருக்கிற நாட்டுக்குப் போகும்போது கேட்பதில்லை. காத்மண்டுவில் ரயர் எரிந்தால் கான்சல். துபாயில் ரயர் எரியாது, அதால அது 'சேஃப்'. ஐக்கிய அரபு எமிரேட்ஸில் அரசியல் கட்சி வைக்க முடியாது, தொழிற்சங்கம் அமைக்க முடியாது. அஹமட் மன்சூர் என்கிற மனித உரிமைச் செயற்பாட்டாளர் 2017இல் கைதானவர், பிறகு பத்து வருசத் தண்டனை கொடுத்தார்கள். ஆனால் புர்ஜ் கலிஃபாவுக்கு முன்னால் நின்று படம் எடுக்கப் போகிற ஒருத்தரும் "அங்க பிரச்சினையாமே" என்று கேட்டதை நான் காணவில்லை.

அதால நான் நேராகவே சொல்கிறேன்: 'அரசியல் கொந்தளிப்பு' என்று சொல்லி நாங்கள் அளந்துகொண்டிருப்பது பெரும்பாலும் சத்தத்தைத்தான். எவ்வளவு ஆபத்து என்பதை யாரும் அளப்பதில்லை. சத்தம் போடுகிற சனத்துக்குத் தண்டனை, சத்தத்தை அடக்குகிற அரசுக்கு அந்நியச் செலாவணி. இலங்கைத் தமிழர் இந்தக் கணக்கை ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொள்வதுதான் எனக்கு விளங்கவே இல்லை. இந்தக் கணக்கால் அடி வாங்கின சனம் நாங்கள்.

நேபாளத்தை எடுப்போம். எங்கட பாஸ்போட்டுக்குக் கதவு திறக்கிற நாடுகள் கொஞ்சம்தான். அதில் நேபாளம் ஒன்று. சார்க் நாட்டவர் என்பதால் வருசத்தில் முதல் 30 நாளுக்கு விசாக் கட்டணமும் இல்லை. மலை, குளிர், மலிவான சாப்பாடு. பல்கலைக்கழகப் பெடியள் பெட்டையள் காசு சேர்த்துப் போகக்கூடிய இடம். 2025 செப்டெம்பரில் அங்கே என்ன நடந்தது?

செப்டெம்பர் 4ஆம் திகதி அரசு பேஸ்புக், இன்ஸ்டகிராம், யூடியூப், வட்ஸ்அப், எக்ஸ் உட்பட 26 தளங்களை முடக்கச் சொன்னது. அதுக்கு முதலே அரசியல்வாதிகளின் பிள்ளைகள் வெளிநாட்டில் ஆடம்பரமாகத் திரியும் வீடியோக்கள் 'நெப்போ கிட்ஸ்' என்ற பெயரில் அங்கே சுற்றிக்கொண்டிருந்தன. அந்தப் பிள்ளைகளின் வயதில்தான் மற்றப் பிள்ளைகள் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் கூலி வேலைக்கு விமானம் ஏறிக்கொண்டிருந்தார்கள். 8ஆம் திகதி பாடசாலைச் சீருடையோடேயே பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். பொலிஸ் சுட்டது. அன்று மட்டும் 19 பேர் செத்தார்கள். 9ஆம் திகதி பிரதமர் கே.பி. சர்மா ஒலி பதவி விலகினார். நாடாளுமன்றமும் அரச தலைமையகமான சிங்க தர்பாரும் எரிந்தன. திரிபுவன் விமான நிலையம் மூடப்பட்டது. 10ஆம் திகதி மாலை அது திரும்பத் திறந்தது. 12ஆம் திகதி முன்னாள் பிரதம நீதியரசர் சுசீலா கார்கி இடைக்காலப் பிரதமரானார். நேபாளத்தில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். 2026 மார்ச் 5 தேர்தல் என்று நாளும் குறித்தார்கள்.

மொத்தமாக 70 பேருக்கு மேல் இறந்தார்கள். அதை நான் லேசாக்கவில்லை. ஆனால் பயணம் போகிற ஒருத்தரின் கண்ணால் நாட்காட்டியைப் பாருங்கள். விமான நிலையம் மூடியிருந்தது ஏறக்குறைய ஒரு நாள். அரசு விழுந்து அடுத்த பிரதமர் வர மூன்று நாள். எனக்குத் தெரிந்த ஒரு பட்ச், டிசம்பர் லீவுக்குப் போட்டிருந்த பொக்கரா ட்ரிப்பை செப்டெம்பர் 10ஆம் திகதியே கைவிட்டது. மூன்று மாசம் இருக்குது. பொக்கராவில் யாரையும் தெரிந்து விசாரித்ததும் இல்லை. ரீல்ஸில் நெருப்பைப் பார்த்தாச்சு, முடிஞ்சுது.

பிறகு குறூப்பில் வந்த மாற்று யோசனைதான் எனக்கு இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்ற எண்ணத்தைத் தந்தது: "நேபாளம் சரிவராது மச்சான், பாங்கொக் போவம்."

பாங்கொக்! அதே 2025இல், ஜூலை மாசம், தாய்லாந்தும் கம்போடியாவும் எல்லையில் ஐந்து நாள் பீரங்கியும் போர் விமானமும் வைத்துச் சண்டை பிடித்தன. 2014இல் அங்கே இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 2023 தேர்தலில் ஆகக் கூடின ஆசனம் எடுத்த மூவ் ஃபோர்வேர்ட் கட்சியை ஆட்சி அமைக்க விடவில்லை. 2024 ஓகஸ்டில் நீதிமன்றம் அந்தக் கட்சியையே கலைத்தது. மன்னரைப் பற்றி ஒரு போஸ்ட் போட்டால் 15 வருசம் வரை சிறை. இவ்வளவும் இருந்தும் பாங்கொக் 'நோர்மல்'. ஏனென்றால் சுகும்விட் வீதியில் கடைகள் திறந்திருக்குது.

பாங்கொக் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நேபாளத்துக்கு ஒரு அளவுகோலும் தாய்லாந்துக்கு இன்னொரு அளவுகோலும் வைத்துக்கொண்டு, அதுக்கு 'பாதுகாப்பு' என்று பெயர் வைக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

சரி, எங்கட பயணத்தை நாங்கள் கைவிட்டால் யாருக்கு நட்டம்? ஒலிக்கு இல்லை. நேபாளத்தில் செப்டெம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரைதான் முக்கியமான மலையேற்றக் காலம். மழை முடிந்து வானம் வெளிக்கிற அந்த இரண்டு மூன்று மாசத்தில் உழைக்கிறதை வைத்துத்தான் வழிகாட்டிகளும் சுமை தூக்குகிறவர்களும் வருசத்தின் மிச்சத்தை ஓட்டுகிறார்கள். 2024இல் அந்த நாட்டுக்கு 11 இலட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டவர் போனார்கள். தாமெல் சந்தில் குளிர்ச்சட்டை விற்கிறவர், பேவா ஏரியில் படகு வலிக்கிறவர், மலைப்பாதையில் ரீயும் நூடில்ஸும் விற்கிற அம்மா எல்லாரும் அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கினம். தெருவுக்கு வந்த பிள்ளைகளில் எத்தனை பேர் இப்படியான வீட்டுப் பிள்ளைகளாக இருக்கும்? ஊழல் செய்தவனுக்கு எதிராக எழும்பியதுக்கு அவர்களின் தாய் தகப்பனுக்கு நாங்கள் கொடுக்கிற பரிசு வெறும் ஏரிக்கரை.

இதில் இன்னொரு வேலையும் நடக்குது. பயணங்கள் கான்சல் ஆக ஆக, "பார்த்தீங்களா, ஆர்ப்பாட்டக்காரர் நாட்டின் வருமானத்தையே அழிச்சுப்போட்டினம்" என்று சொல்ல எல்லா அரசுக்கும் ஒரு வசனம் கிடைக்குது. இந்த வசனம் எங்களுக்குப் புதுசில்லை. 2022இல் காலிமுகத்திடலில் கூடாரம் போட்டிருந்த பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னதும் இதைத்தான்.

2022ஐ மறந்துபோனம் போல கிடக்கு. 2018இல் இந்த நாட்டுக்கு 23 இலட்சம் பேர் வந்தார்கள். ஈஸ்டர் தாக்குதலும் கொரோனாவும் முடிந்து மெல்ல எழும்பிவந்த 2022இல் வந்தவர்கள் 719,978 பேர்தான். அந்த வருசம் எல்லையிலும் ஹிக்கடுவையிலும் அறுகம்பேயிலும் கெஸ்ட்ஹவுஸ் வைத்திருந்தவர்கள் வீடியோ போட்டுக் கெஞ்சினார்கள்: வாங்கோ, கடல் அப்படியேதான் இருக்குது, உங்களை ஒருத்தரும் ஒண்டும் செய்ய மாட்டினம். ரொறன்ரோ மாமாவும் சூரிச் சித்தியும் "இந்த முறை நல்லூருக்கு வரலாமோ?" என்று கேட்க, "கொழும்பிலதான் பிரச்சினை, இஞ்ச ஒண்டுமில்லை" என்று நாங்களே பதில் சொன்னோம். வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு முழுத் தீவும் ஒரே நெருப்பாகத் தெரியுது என்று அப்போது எவ்வளவு கோபப்பட்டோம்! மூன்று வருசம் கழித்து நேபாளத்தை நாங்கள் பார்த்த பார்வை அதே பார்வைதான்.

ஆனால் 2022ஐ விடப் பழைய, இன்னும் கசப்பான ஒரு கணக்கு இருக்கு. அதை எங்கட வயது ஆக்கள் அதிகம் பேர் பார்த்திருக்க மாட்டீர்கள். 2008இல் இலங்கைக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் 438,475. 2009இல் 447,890. திரும்ப ஒருக்கா வாசியுங்கள். 2009இல் கூடியிருக்கு. வருசத்தின் முதல் பாதியில் குறைந்த கூட்டம், மே மாசத்துக்குப் பிறகு ஏறத் தொடங்கியது. அந்த மாசங்களில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம் வவுனியாவில் மெனிக் பாம் முதலான முகாம்களில் முட்கம்பிக்கு உள்ளே இருந்தது. 2010 ஜனவரியில் நியூயோர்க் ரைம்ஸ் அந்த வருசம் போக வேண்டிய 31 இடங்களின் பட்டியலைப் போட்டபோது முதலாவது இடம் இலங்கைக்கு. அப்போதும் முகாம்களில் ஆயிரக்கணக்கான சனம் இருந்தது. மெனிக் பாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். 2010இல் வந்தவர்கள் 654,476.

லோன்லி பிளனட் 2013ஆம் ஆண்டுக்கான நாடுகள் பட்டியலிலும் எங்களைத்தான் முதலில் போட்டது. அதே 2013 ஓகஸ்ட் முதலாம் திகதி வெலிவேரியவில் சுத்தமான குடிதண்ணி கேட்டுத் தெருவுக்கு வந்த சிங்களச் சனத்தை இராணுவம் சுட்டது. இது தமிழருக்கு மட்டும் நடந்த கதை என்று நினைக்காதீர்கள் என்பதுக்காகச் சொல்கிறேன்.

அந்தச் சுற்றுலாப் பயணிகள் கெட்டவர்கள் இல்லை. "அங்க பிரச்சினையா?" என்று அவர்களும் கேட்டிருப்பார்கள். "இல்லை, முடிஞ்சுது" என்று பதில் வந்திருக்கும். உண்மையிலேயே சத்தம் முடிஞ்சுதுதானே. முகாமுக்குள் இருக்கிறவளின் குரல் உணவட்டுன கடற்கரைக்குக் கேட்காது. எங்களுக்குத்தான் அந்த மௌனம் எப்படிப்பட்டது என்று தெரியும். தெரிந்த நாங்கள் இன்னொரு நாட்டின் மௌனத்தைப் பார்த்து "அங்க இப்ப எல்லாம் ஓகே" என்று புக்கிங் போடுகிறோம்.

அந்த இன்னொரு நாட்டுக்குத் தூரம் போக வேண்டியதில்லை. இப்போது எங்கட ஊர் ட்ராவல் ஏஜென்சிகள் டெல்லி, ஆக்ராவோடு சேர்த்துக் காஷ்மீர் பக்கேஜ் விற்கினம். 2019 ஓகஸ்ட் 2ஆம் திகதி சுற்றுலாப் பயணிகளும் அமர்நாத் யாத்திரீகர்களும் காஷ்மீரை விட்டு உடனே வெளியேற வேண்டும் என்று நிர்வாகம் அறிவித்தது. மூன்று நாள் கழித்து, 5ஆம் திகதி, காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்து பறிக்கப்பட்டது. தொலைபேசி இல்லை, இணையம் இல்லை, தலைவர்கள் காவலில். அந்தப் பயண எச்சரிக்கை எப்போது நீக்கப்பட்டது தெரியுமா? ஒக்ரோபர் 10. போஸ்ட்பெயிட் கைபேசிகள் வேலை செய்யத் தொடங்கியது ஒக்ரோபர் 14. நாலு நாள் பிந்தி. உள்ளூர்க்காரன் கைபேசியில் சொந்தத் தாய்க்கு ஒரு கோல் எடுக்க முதலே, வெளியூர்க்காரன் தால் ஏரியில் படகு வீட்டுக்கு வரலாம். அதிவேக இணையம் முழுதாகத் திரும்ப 2021 பெப்ரவரி ஆனது.

'பயண எச்சரிக்கை' என்கிற காகிதத்தின் லட்சணம் இதுதான். அதை யார் போடுகிறார்கள், யாருக்காகப் போடுகிறார்கள் என்று பாருங்கள். பிரித்தானியா போடுகிற எச்சரிக்கை பிரித்தானியப் பிரசைக்காக. அதை மீறிப் போனால் அங்கே பெரும்பாலான பயணக் காப்புறுதி செல்லாது, அதால அந்த ஒரு வரி மாறினவுடன் கூட்டம் கூட்டமாகப் பயணங்கள் நிற்கும். அது அவர்களின் தேவை. ஒரு நாட்டின் சனம் எப்படி வாழுது என்பதுக்கான சான்றிதழ் அது இல்லை. நாங்களோ அதையே எங்கட அறமாகவும் எடுத்துக்கொள்கிறோம்.

இனி எதிர்ப்பக்கம். இந்தக் கட்டுரையை இதுவரை வாசித்த யாராவது "உனக்கென்ன, செத்தால் நானெல்லோ சாவன்" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். காத்மண்டுவில் அந்த நாட்களில் ஹில்டன் ஹோட்டல் எரிந்தது. இன்னொரு பெரிய ஹோட்டலுக்குத் தீ வைத்தபோது யாத்திரை வந்திருந்த இந்தியப் பெண் ஒருவர் தப்பிக்க முயன்று இறந்தார். ஆர்ப்பாட்டக்காரர் எல்லாரும் புனிதர்கள் என்று நான் எழுதினால் அது பொய். செப்டெம்பர் 9ஆம் திகதி காத்மண்டுவுக்கு விமானம் ஏற இருந்தவர் ஏறாமல் விட்டதை யாரும் கோழைத்தனம் என்று சொல்ல முடியாது. அன்றைக்கு விமான நிலையமும் மூடப்பட்டது.

எங்கட ஆக்களுக்கு இன்னொரு பயமும் இருக்கு, அதையும் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் மாட்டுப்பட்டால் அவன்ட நாடு விமானம் அனுப்பும். நாங்கள் மாட்டுப்பட்டால்? தமிழ்ப் பெயரோடு, இலங்கைப் பாஸ்போட்டோடு, வெளிநாட்டில் ஒரு பொலிஸ் தடுப்பில் நிற்கிறது என்ன மாதிரி இருக்கும் என்று எங்கட அம்மாமாருக்கு நல்லாத் தெரியும். "போகாத பிள்ளை" என்று அவர்கள் சொல்வது வெறும் கோழைத்தனம் இல்லை. தடுப்பு, ஊரடங்கு, சோதனைச்சாவடி எல்லாத்தையும் பார்த்தவர்கள் சொல்கிற சொல் அது.

ஆனால் பயம் நியாயமானது என்றால், அதை ஒழுங்காக விசாரிக்கவும் வேண்டும். ஆபத்து என்பது ஒரு முழு நாட்டின் மேல் பூசுகிற சிவப்பு நிறம் கிடையாது. எந்த நகரம்? எந்தத் திகதி? கோபம் யார் மேல்? அரசாங்கக் கட்டடத்தின் மேலா, வெளியூரார் மேலா? 2019 ஈஸ்டர் ஞாயிறு குண்டுகள் கொழும்பில் தேவாலயத்தையும் பெரிய ஹோட்டல்களையும் தேடிப் போயின. 2025 ஏப்ரலில் காஷ்மீரின் பஹல்காமில் 26 பேரைச் சுட்டவர்கள் சுற்றுலாப் பயணிகளைத் தேடித்தான் வந்தார்கள். அங்கே பயந்து பயணத்தை நிறுத்தினால் அது சரியான பயம். இரண்டு இடமும் அதுக்கு முதல் நாள் வரை 'அமைதியான' இடங்கள் என்பதையும் கவனியுங்கள். ஊழலுக்கு எதிராக நாடாளுமன்றத்தைச் சுற்றி வளைக்கிற கூட்டம் வேறு, ஹோட்டல் வரவேற்பறைக்குள் குண்டோடு வருகிறவன் வேறு. இரண்டையும் 'அன்ரெஸ்ட்' என்கிற ஒரே பெட்டிக்குள் போட்டால், பயந்தமாதிரி இருக்கும், ஆனால் எதுக்குப் பயப்படுகிறோம் என்று தெரியாது.

காசு விஷயத்திலும் அவசரம்தான் எங்களை விழுத்துது. நீங்களாகக் கான்சல் பண்ணினால் கட்டின காசில் பெரும்பங்கு போகும். விமான நிறுவனம் தானாக விமானத்தை நிறுத்தினால் காசைத் திருப்பித் தரவோ வேறு திகதி தரவோ வேண்டும். பெரும்பாலான காப்புறுதிகள் "எனக்குப் போகப் பயமாக இருந்தது" என்பதை ஒரு காரணமாக எடுப்பதில்லை. பிரச்சினை தொடங்கிய பிறகு வாங்கின காப்புறுதியும் அதுக்கு உதவாது. ஆகவே பொறுத்திருப்பது கொள்கைக்கு மட்டும் நல்லதில்லை, பொக்கற்றுக்கும் நல்லது. திகதியைத் தள்ளிப்போடலாம். அந்த கெஸ்ட்ஹவுஸ்காரருக்கு ஒரு மெசேஜ் போட்டு "இப்ப நிலைமை எப்படி? நாங்கள் வந்தால் உங்களுக்கு உதவியா, உபத்திரவமா?" என்று கேட்கலாம். ரீல்ஸை விட அவர் கூடச் சொல்லுவார்.

அந்தக் கேள்வியின் இரண்டாவது பாதி முக்கியம். ஏனென்றால் பயணத்தை நிறுத்தத்தான் வேண்டும் என்ற நேரங்களும் இருக்கு.

நாங்கள் போனால் அங்கேயுள்ள சனத்தின் பங்கு குறையும் என்றால் நிறுத்த வேண்டும். 2022 ஜூலையில் ரொறன்ரோ மாமாவுக்கு நாங்கள் சொல்லியிருக்க வேண்டிய உண்மையான காரணம் காலிமுகத்திடல் இல்லை. பெற்றோல் செற்றில் நாள்கணக்காக நின்ற வரிசையும், ஆஸ்பத்திரியில் இல்லாத மருந்தும்தான். சுற்றுலாப் பயணிகளுக்கு எரிபொருளுக்குத் தனி அட்டை கொடுத்த நாட்டில், ஓட்டோக்காரர் வரிசையில் நித்திரை கொண்டார். அந்த நேரம் வானில் ஊர் சுற்றுகிறது கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும். மாமா வந்ததால் டொலரும் வந்தது என்று சொல்லலாம். அதையும் தராசில் போடுங்கள். ஆனால் தராசில் வைக்க வேண்டிய சாமான் இதுகள்தான், டிவியில் பார்த்த கண்ணீர்ப்புகை இல்லை.

அங்கேயுள்ள சனமே வராதீர்கள் என்று கேட்டால் நிறுத்த வேண்டும். 1996ஐ மியன்மார் இராணுவ ஆட்சி 'சுற்றுலா ஆண்டு' என்று அறிவித்தது. அதுக்காக மண்டலே அரண்மனை அகழியைத் தூர்வாரவும் வீதி போடவும் சனத்தைக் கட்டாய வேலைக்கு இழுத்தார்கள். ஆங் சான் சூகி வெளிநாட்டவரைப் பார்த்து இப்போது வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பின்னாளில் ரோஹிஞ்சா மக்கள் விடயத்தில் அவர் எங்கே போய் நின்றார் என்பது வேறு, அதுக்கு மன்னிப்பில்லை. ஆனால் 1996இல் யாங்கோன் தெருக்கள் பெரும்பாலான நாட்களில் அமைதியாகத்தான் இருந்தன, பகோடாக்கள் பளபளத்தன, பயணிகளுக்குப் பெரிய ஆபத்தும் இல்லை. அப்படியொரு பாதுகாப்பான இடத்துக்குப் போகாமல் இருந்ததுதான் சரி. 2011இல் அவரின் கட்சியே தனியாக வருகிற பயணிகள் வரலாம் என்று சொன்னது, அப்போது போவது சரியானது. அந்த முடிவு உள்ளூர்ச் சனத்தின் கையில் இருந்தது.

எங்கட காசு நேராகத் துவக்கு வைத்திருக்கிறவனின் கைக்குப் போகும் என்றாலும் நிறுத்த வேண்டும். இதுக்கு வெளிநாடு போகவே தேவையில்லை. காங்கேசன்துறைக் கடற்கரையில் இராணுவம் நடத்துகிற தல்செவன ஹோட்டல் நிற்பது, 1990இல் சனம் ஒரே இரவில் விட்டு ஓடி, பிறகு உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்ட வலிகாமம் வடக்கில். அங்கே இன்னும் காணி கேட்டுச் சனம் நிற்குது. வாதுவையிலும் கல்குடாவிலும் 'லாயா' என்ற பெயரில் இருப்பதும் இராணுவத்தின் ஹோட்டல்கள்தான். மலிவு, துப்பரவு, வடிவான கடல், நூறு வீதம் சேஃப். நேபாளத்தைக் கான்சல் பண்ணிவிட்டு அந்த வார இறுதிக்கு இப்படியொரு இடத்தில் அறை எடுக்கிற ஒருத்தரை நினைத்துப் பாருங்கள். அவரின் கணக்கின்படி அவர் ஒரு ஆபத்தான இடத்தைத் தவிர்த்துப் பாதுகாப்பான இடத்துக்குப் போயிருக்கிறார். எங்கட கணக்கு எவ்வளவு பழுதாய்ப் போச்சு என்பதுக்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

"நான் லீவுக்குப் போறன், புரட்சி செய்யப் போகேல்லை" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சரி, போங்கோ. ஒருத்தரும் உங்களைப் பதாகை பிடிக்கச் சொல்லவில்லை. உண்மையில், பிடிக்கவும் வேண்டாம். எரிந்த சிங்க தர்பாருக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துப் போடுகிற 'ஆதரவும்' எனக்குத் தேவையில்லாத ஒன்றுதான். முள்ளிவாய்க்காலில் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வருகிற ஆக்களைப் பார்க்க எங்களுக்கு எப்படி இருக்கும்? லீவு லீவாகவே இருக்கட்டும். ஆனால் எங்கே போவது, எங்கே போகாமல் விடுவது என்று காசை நீட்டும் அந்த இடத்தில் நீங்கள் ஏற்கெனவே ஒரு பக்கம் எடுத்துவிட்டீர்கள். "அரசியல் வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டு எடுக்கிற பக்கம் எப்போதும் சத்தத்தை அடக்குகிறவனின் பக்கமாகவே போய் முடியுது என்றால், அதைக் கொஞ்சம் விசாரிக்க வேண்டாமா?

அடுத்த முறை குறூப்பில் அந்தக் கேள்வி வந்தால், கூடவே நாலு கேள்வியைப் போடுங்கள். நாங்கள் போற ஊரில், போற திகதியில் என்ன ஆபத்து? அங்கேயுள்ள சனம் எங்களை வரச் சொல்லுதா, வேண்டாம் என்குதா? நாங்கள் போனால் யாரின் சோற்றில், யாரின் பெற்றோலில் கை வைக்கிறோம்? எங்கட காசு யாரின் கைக்குப் போகுது? இதுக்குப் பதில் தேடின பிறகு கான்சல் பண்ணினால் பண்ணுங்கள், எனக்கு ஒரு சண்டையும் இல்லை. போறதென்றால் போங்கள். ஆனால் இதே நாலு கேள்வியையும் ஒரு சத்தமும் இல்லாத நாட்டுக்கு ரிக்கற் போடும்போதும் கேட்க வேண்டும்.

நேபாளத்துப் பிள்ளைகள் தங்கட நாட்டைத் திருத்தலாம் என்று நம்பி வெளியில் வந்தார்கள். திருந்துமோ தெரியாது. எங்கட நாடு 2022க்குப் பிறகு எவ்வளவு திருந்தினது என்று கேட்டால் எங்களிடமே ஒழுங்கான பதில் இல்லை. ஆனால் அவர்கள் வாய் திறந்ததைப் பார்த்து அவர்களின் ஊரை வரைபடத்திலிருந்து வெட்டுகிற முதல் கை எங்கட கையாக இருக்கக்கூடாது. பொக்கரா போகத் தவறவிட்ட அந்தப் பட்சுக்கும் இதையே சொல்கிறேன்: பேவா ஏரி அங்கேதான் இருக்குது. திகதியைப் பாருங்கோ.